மாலா என்றால் ஸ்பானிஷில் கெட்டவளாமே?

மகளுக்கு மாலா என்று பெயர் பார்த்து வைத்திருக்கிறீர்கள். உறவினர் ஒருவர், ‘ஸ்பானிஷில் அதற்குக் கெட்டவள் என்று அர்த்தம், பெயர் சரியில்லாததால் விற்காமலே போன காரெல்லாம் உண்டு, வேறு பெயர் பாருங்கள்’ என்று சொல்லிக் குழப்பிவிட்டார். அது உண்மையா, இப்படி வேறு சொற்களும் உண்டா என்று கேட்கிறீர்கள். அகராதியைத் திறந்தால் முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் கிடைத்துவிடும். ஆனால் அகராதிப் பொருளுக்காக நீங்கள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. நம் வாயிலிருந்து போகும் ஒரு சொல் அடுத்த மொழிக்காரர் காதில் விழும்போது அவர் சிரிப்பாரா, முகம் சுளிப்பாரா, கவனிக்கவே மாட்டாரா என்பதுதான் உங்கள் கேள்வி. மொழிபெயர்ப்பிலும் அகராதி வேலையிலும் இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தென்னிந்திய மொழிகளில் எனக்குப் பழக்கம் அதிகம். ஐரோப்பிய மொழிகளைப் படித்துத்தான் தெரியும், பேசி வளர்ந்தவன் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நேரடி பதில். ஆமாம், உண்மைதான். ஸ்பானிஷில் ‘மாலா’ என்பது பெண்பாலில் வரும் ‘கெட்ட’. வசைச்சொல் இல்லை, கொச்சையும் இல்லை, தினமும் புழங்கும் சாதாரணச் சொல். நம் பெயர்களில் இது தனியாக மாட்டிக்கொண்டதும் இல்லை. லதா என்பதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள ‘லாத்தா’ ஸ்பானிஷில் தகர டப்பா. மணி என்றால் இத்தாலிய மொழியில் கைகள், லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷில் கடைசி அசையை அழுத்திச் சொன்னால் நிலக்கடலை. ராஜா ஃபின்னிஷ்காரருக்கு எல்லைக்கோடு. குமார் என்றால் துருக்கி மொழியில் சூதாட்டம். இருப்பதில் அதிர்ஷ்டக்காரர் ரவிதான். பிரெஞ்சில் ‘ரவி’ என்றால் ‘பெருமகிழ்ச்சி அடைந்தவன்’. ‘நான் ரவி’ என்று பிரெஞ்சில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போதே ‘எனக்கு ரொம்ப சந்தோஷம்’ என்று மரியாதையும் சொல்லி முடித்துவிடுகிறார். கமலாவுக்குத்தான் பாவம், ஃபின்னிஷில் ‘பயங்கரமான, சகிக்க முடியாத’ என்று பொருள். கமலா ஹாரிஸ் 2021 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோதும் ஃபின்னிஷில் அதே பொருள்தான் இருந்தது. அதனால் ஃபின்லாந்தோடு எந்தச் சண்டையும் வரவில்லை.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்றால், தற்செயல் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள். மனித வாய் எளிதில் எழுப்பும் ஒலிகளோ சில டஜன்தான். ஈரசைச் சொற்களை எடுத்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘காகா’ என்று சொல்லிப் பாருங்கள். நமக்குக் காக்கை நினைவு வரும். மராத்திக்காரருக்குச் சித்தப்பா. ஸ்வீடன்காரருக்குக் கேக். நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு ஒரு வகைக் கிளி. ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் குழந்தைகள் ஆய் போவதைச் சொல்லும் சொல். ஐந்தும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் காட்டி ‘அந்த மொழியே நம்மிடமிருந்து போனதுதான்’ என்று கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொரிய மொழியில் அப்பாவை ‘அப்பா’ என்றே சொல்கிறார்கள் என்பது அவர்களுடைய முதல் சான்று. அதற்கு ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்: குழந்தைக்கு முதலில் வருவது உதட்டை ஒட்டி எழுப்பும் ஒலிகள், அது பொழுதுபோக்காக எழுப்பும் அந்த ஒலியைத் தன்னைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்வது பெற்றவர்களின் ஆசை. யார் எந்த ஒலியைப் பிடித்துக்கொள்வது என்பது மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா. பல ஐரோப்பிய மொழிகளில் மாமா அம்மா. நமக்கு அம்மாவின் அண்ணனோ தம்பியோ. சிங்களத்தில் மாமா என்று நீட்டினால் நம்மைப் போலவே மாமாதான், ‘மம’ என்று குறுக்கினால் ‘நான்’.

சரி, அந்தக் காருக்கு வருவோம். உங்கள் உறவினர் சொன்னது அனேகமாக செவர்லே நோவாவாகத்தான் இருக்கும். ஸ்பானிஷில் ‘நோ வா’ என்றால் ‘ஓடாது’, எனவே தென்னமெரிக்காவில் அந்தக் காரை ஒருவரும் வாங்கவில்லை என்பது கதை. வணிகப் பாடப் புத்தகங்கள் வரை ஏறிவிட்ட இந்தக் கதை பொய். அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் நன்றாகவே விற்றது. போதாக்குறைக்கு மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ், ‘நோவா’ என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்றது. ‘ஓடாது’ என்ற பெட்ரோலை ஊற்றிக்கொண்டுதான் அத்தனை வண்டிகளும் ஓடின. காரணம் எளிது. நோவா என்ற ஒரே சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். ‘ஓடாது’ என்பது இரண்டு சொல், அழுத்தம் இரண்டாவதில். எழுத்தில் பார்க்கும் வெளியாளுக்குத்தான் இரண்டும் ஒன்று, தாய்மொழிக்காரர் காதுக்கு வேறு வேறு. நமக்கு இது புதிதில்லை. இலக்கண வகுப்பில் ‘பொதுமொழி’ என்று படித்திருப்போம். தாமரை என்பது ஒரு பூ. பிரித்தால் ‘தா மரை’, தாவும் மான். பலகை என்பதைப் பிரித்தால் பல கை. ஆனாலும் குளத்தில் தாமரையைப் பார்த்து மான் துள்ளுகிறது என்று யாரும் சொல்வதில்லை. சிலேடை பாடுகிறவர் மெனக்கெட்டுப் பிரித்துக் காட்டினால்தான் உண்டு.

இதே வகைக் கதை ஜான் கென்னடியைப் பற்றியும் உண்டு. 1963 ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில் ஜெர்மன் மொழியில் ‘நான் ஒரு பெர்லினர்’ என்று பேசினாரே, அது ‘நான் ஒரு ஜாம் வைத்த பன்’ என்று பொருள்பட்டுக் கூட்டமே சிரித்தது என்பார்கள். சிரிக்கவில்லை, ஆரவாரம்தான் செய்தது. ஜெர்மனியின் வேறு சில பகுதிகளில் அந்தப் பண்டத்தை பெர்லினர் என்பார்கள் என்பது உண்மை. பெர்லினிலேயே அதற்கு வேறு பெயர். அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை. இந்தக் கதைகளெல்லாம் ஏன் சாவதில்லை என்று யோசித்திருக்கிறேன். பெரிய நிறுவனமும் பெரிய மனிதரும் ஒரு சின்னச் சொல்லில் வழுக்கி விழுவது கேட்க இனிமையாக இருக்கிறது. அது போதும், சான்றை யார் கேட்கிறார்கள்?

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. மிட்சுபிஷியின் பஜேரோ, தென்னமெரிக்காவில் திரியும் ஒரு காட்டுப்பூனையின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. ஸ்பானிஷ் கொச்சையிலோ அது சபையில் சொல்லக்கூடாத வசை. எனவே ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் அதே வண்டி மொன்தேரோ ஆனது. ஹூண்டாயின் கோனா, போர்ச்சுகலில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லோடு ஒத்துப்போனதால் அங்கே மட்டும் கவாய் என்று விற்கிறார்கள். இரண்டுமே ஹவாய்த் தீவுகளில் உள்ள இடப்பெயர்கள், ஆக அடுத்த ஊருக்குத் தாவித் தப்பித்துவிட்டார்கள். ஆவுடியின் ஈ-ட்ரான் பிரெஞ்சுக்காரர் காதில் மலக்கட்டி. ஆனால் அவர்கள் பெயரை மாற்றவில்லை, பிரான்சில் சிரித்தவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெயரை மாற்ற வைப்பது பெரும்பாலும் உடலுறவு சம்பந்தப்பட்ட கொச்சைதான். ‘கெட்ட’, ‘டப்பா’, ‘கடலை’ போன்ற சாதுவான பொருள்களுக்காக யாரும் பெயரை மாற்றியதாக நான் பார்த்ததில்லை. சீனாவில் கோகோ கோலா நுழைந்த புதிதில் கடைக்காரர்கள் தாங்களாகவே ஒலிக்கு ஏற்ற எழுத்துகளைப் போட்டு எழுதி வைக்க, ‘மெழுகுத் தலைப்பிரட்டையைக் கடி’ என்பது போன்ற பொருள்கள் வந்தன. அந்தக் கதை மெய்தான், ஆனால் அது நிறுவனம் வைத்த பெயர் இல்லை. நிறுவனம் தேர்ந்தெடுத்தது ‘ககோ கல’ என்பது போல ஒலிக்கும், ‘வாய்க்கு ருசி, மகிழ்ச்சி’ என்ற பொருள் தரும் எழுத்துகள். ஒலியும் பொருளும் சேர்ந்து அமைந்த பெயர்மாற்றத்தில் அதற்கு இணை குறைவு.

பாதி வேடிக்கைகள் காதில் பிறப்பதே இல்லை, ஆங்கில எழுத்தில்தான் பிறக்கின்றன. வியட்நாமில் ‘வீரன்’ என்ற பொருளில் ஓர் ஆண் பெயர் உண்டு. அதை ரோமன் எழுத்தில் எழுதினால் ஆங்கிலேயருக்குச் சாணி. வியட்நாம்காரர் வாயால் சொல்லிக் கேட்டால் இடத்துக்குத் தக்கபடி ‘ஸூங்’, ‘யூங்’ என்றுதான் இருக்கும். தாய்லாந்துப் பெண்களின் பெயர்களில் அடிக்கடி கடைசியில் வரும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஆபாசப் படத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. அதைப் பார்த்துச் சிரிப்பவர்களில் தமிழர்களும் உண்டு. அது என்ன சொல் தெரியுமா? நம் ‘வரம்’தான். சமஸ்கிருத ‘வர’ தாய்லாந்து மொழிக்குப் போனபோது முதலில் உள்ள வகரம் பகரத்தின் பக்கம் சாய்ந்தது, கடைசி ரகரம் னகரமாக ஒலித்தது. ஆக ‘போன்’. சிரிபோன் என்ற பெயரைப் பிரித்தால் ஸ்ரீ, வரம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? (சிரி என்றதும் நினைவு வருகிறது. 2011-இல் ஆப்பிள் தன் ஐபோனில் கொண்டுவந்த பேசும் உதவியாளரின் பெயர் நமக்கு ‘சிரி’ என்ற ஏவல். ஜப்பானியருக்கு அதே ஒலிக்கு மிக அருகில் இருப்பது பிட்டம்.) நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெல் என்று ஓர் ஊர். பழைய நார்ஸ் மொழியில் பாறைக் குடைவு என்பதை ஒட்டி வந்த பெயர், ஆங்கிலத்தில் நரகம். அதன் ரயில் நிலையப் பலகையில் சரக்கு அலுவலகம் என்பதற்கான நார்வீஜியச் சொல் வேறு இருக்கிறது. அதை ஆங்கிலமாகப் படித்தால் ‘கடவுளின் பயணம்’ என்று வரும். நரகத்தில் கடவுளின் பயணம்! பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளவே வெளிநாட்டினர் வருகிறார்கள்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தொழிலில் என்னை உண்மையிலேயே கவிழ்த்தவை தூரத்து மொழிகள் இல்லை, பக்கத்து மொழிகள்தான். ஃபின்னிஷில் ஒரு சொல் தமிழ்போல் ஒலித்தால் நாம் உஷாராகிவிடுவோம், இது வேறு என்று உடனே தெரியும். மலையாளத்தில் ஒலித்தால் அந்த எச்சரிக்கை வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையாளக் கடிதத்தைத் தமிழாக்கினேன். எழுதியவர் பணிவாக ‘ஒரு அவசரம் கூடி தரணம்’ என்று முடித்திருந்தார். நான் ‘அவசரமாகத் தர வேண்டும்’ என்று போட்டுவிட்டேன். அவர் கேட்டது ‘இன்னுமொரு வாய்ப்பு’. கெஞ்சி எழுதியவர் என் தமிழில் அதிகாரம் செய்பவராகிவிட்டார். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் ‘தக்க சமயம்’ என்ற பொருளில் இருக்கிறது. மலையாளமும் இந்தியும் ‘வாய்ப்பு’ என்று வைத்துக்கொண்டன. தெலுங்கு ‘தேவை’ என்றது. தமிழும் கன்னடமும் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்ட ஆரம்பித்துவிட்டன. சமயம் கைவிட்டுப் போய்விடுமே என்ற பதற்றம் நமக்குக் கொஞ்சம் கூடுதல் போலும்.

அன்றிலிருந்து இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு, நமக்கு மனைவி, மூலத்தில் பிறவிச் சுழல். மூன்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நான் அதில் தலையிட மாட்டேன். வெள்ளம் அங்கே குடிக்கிற தண்ணீர், இங்கே ஊரை அடித்துப் போவது. பனி அங்கே காய்ச்சல், இங்கே குளிர், அதையே நீட்டி ‘பானி’ என்றால் இந்தியில் தண்ணீர். சிட்சை இந்தியில் கல்வி, மலையாளத்திலும் மராத்தியிலும் தண்டனை. பள்ளிக்கூட நினைவுகள் உள்ள யாரும் இந்த மாற்றத்துக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். உபந்யாசம் தமிழில் ஆன்மிகச் சொற்பொழிவு, இந்தியிலும் வங்காளத்திலும் நாவல். ராகம் என்ற சொல்லுக்கு மூலப் பொருள் நிறம், சிவப்பு, ஆசை. நம்மிடம் அது இசையானது, வங்காளத்திலும் மராத்தியிலும் கோபம். எனக்கு மிகவும் பிடித்தது சேட்டை. சமஸ்கிருதத்தில் அசைவு, செயல். வங்காளத்தில் முயற்சி. ஒரு வேலையை ஒப்படைத்ததும் வங்காளி பொறுப்பாக ‘செஷ்டா கொர்போ’ என்பார். முயன்று பார்க்கிறேன் என்கிறார். நம் காதில் விழுவது வேறு.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ‘பட்டி’ என்று முடியும் நம் ஊர்ப் பெயர்களைக் கேட்டு அவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டி என்று நாம் கூப்பிடும்போது இன்னும் கொஞ்சம். கோபம் வந்தால் தொல்காப்பியத்தின் மரபியலைப் பாருங்கள். ‘பாட்டி என்ப பன்றியும் நாயும்’ என்றே ஒரு நூற்பா இருக்கிறது. பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் பாட்டி என்று பெயர். பெண் நரியையும் அப்படிச் சொல்லலாம் என்கிறது அடுத்த வரி. இந்தச் சொல்லும் மலையாளப் பட்டியும் ஒரே வேரா என்பதில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பழைய தமிழே இன்றைய தமிழுக்கு ஓர் அண்டை மொழிதான் என்பதில் சந்தேகமில்லை. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் உருகிக் கேட்டது கண்ணனின் வாய் மணத்தைப் பற்றி. இன்று ஒருவரிடம் ‘உங்கள் வாய் நாறுகிறது’ என்று பாராட்டிப் பாருங்கள்.

இந்தச் சொந்தக்காரத் தொல்லை எல்லா மொழிக் குடும்பங்களிலும் உண்டு. செக் மொழியில் புத்தம் புதிய ரொட்டிக்குச் சொல்லும் சொல், ஒலியில் சிறு மாற்றத்தோடு போலிஷில் காய்ந்துபோன ரொட்டிக்கு. ‘ஊரோத்’ என்று ரஷ்யர் சொன்னால் அவலட்சணம், ‘உரோதா’ என்று போலந்துக்காரர் சொன்னால் அழகு. குடும்பம் வேறானாலும் எழுத்தைப் பகிர்ந்துகொண்டால் போதும்: கை, தாள் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ஜப்பானியருக்குக் கடிதம், சீனருக்குக் கழிப்பறைத் தாள். ஆங்கிலத்தில் பரிசாக இருக்கும் கிஃப்ட் ஜெர்மனில் விஷம். இரண்டும் ‘கொடு’ என்ற ஒரே வேர்தான். கொடுக்கப்படும் மருந்து என்று தொடங்கி, விஷத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கிய இடக்கரடக்கலாக அது அங்கே போய் நின்றது. பழைய பொருள் ஜெர்மனில் முழுக்க அழியவும் இல்லை. ‘மிட்கிஃப்ட்’ என்றால் இன்றும் சீதனம். ஸ்வீடிஷில் கிஃப்ட் என்பதற்கு இரண்டு பொருள்: விஷம், கல்யாணமானவர். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்கு வருவோம். பெயர் என்பது புழங்கப் புழங்கப் பொருளை உதறிவிடும். ஸ்பானிஷ்காரர்களே தங்கள் பெண்களுக்கு டோலோரெஸ் என்று பெயர் வைக்கிறார்கள், சொல்லுக்குச் சொல் ‘வலிகள்’. சொலெதாத் என்றால் ‘தனிமை’. அந்தப் பெயரைக் கூப்பிடும்போது வலியையோ தனிமையையோ ஒருவரும் நினைப்பதில்லை. மாலாவும் முதல் அறிமுகத்தில் ஒரு புன்னகையைச் சம்பாதிக்கும், ‘பெயரில்தான் கெட்டவள்’ என்று ஒரு நகைச்சுவை கைவசம் இருந்தால் அதுவும் தீர்ந்தது. விதிவிலக்கு ஒன்றுதான். ஸ்பானிஷ் பேசும் நாட்டில் குடியேறி, அங்கேயே பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை நாள் அதை வைத்து ஓட்டுவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அப்படியானால் மட்டும் அந்த நாட்டுக்காரர் இரண்டு மூன்று பேரிடம், வயது வித்தியாசம் பார்த்து, பெயரை எழுதிக் காட்டாமல் வாயால் சொல்லிக் கேளுங்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்காதீர்கள், ‘கேட்டதும் என்ன தோன்றுகிறது’ என்று கேளுங்கள். கொச்சை ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அகராதி அதை எட்டிப் பிடிப்பதற்குள் அது வேறாகிவிடும்.

எதற்கு வம்பு, ஒரு எழுத்தைக் கூட்டி மாலதி என்று வைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஸ்பானிஷ்காரர்களுக்கு அதில் சிக்கல் இல்லை. இத்தாலிய மொழியில் ‘மலாத்தி’ என்றால் நோயாளிகள்.